பாலைநிலத்தில் ஓர் ஊதாக் கல்

அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களுள் ஒன்று நியூ மெக்சிகோ. அதன் நடுப்பகுதியில் ஹோர்னாடா டெல் முவேர்ட்டோ எனும் பாலைநிலம் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. ஸ்பானிய மொழியில் அப்பெயருக்கு ‘இறந்தவனின் பயணம்’ என்று பொருள். ஏறத்தாழ 145 கிலோமீட்டர் தூரத்திற்குத் தண்ணீர் கிடைப்பதே அரிதான அந்த வழியாகத்தான் முற்காலத்தில் வணிகர்களின் மாட்டு வண்டிகள் மெக்சிகோவிலிருந்து சாந்தா ஃபே நகருக்குச் சென்றன. 1945ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் உலகின் முதல் அணுகுண்டு வெடித்துச் சோதிக்கப்பட்டதும் இதே நிலத்தில்தான். அந்நிலத்தின் கிழக்கு ஓரத்தில் ஓஸ்குரா மலைத்தொடர் சுவர்போல் எழுந்து நிற்கிறது.

அம்மலைத்தொடரின் வடகோடியில், பிங்ஹாம் எனும் சிற்றூருக்குத் தெற்கே ஹேன்சன்பர்க் கனிம வட்டாரம் உள்ளது. அங்கே மலைச்சரிவில் ஆங்காங்கே குழிகளும் குறுகிய குகைபோன்ற சுரங்க வாயில்களும் காணப்படுகின்றன. ஒவ்வொரு வாயிலின் முன்பும் உடைத்துப்போட்ட கற்கள் குவிந்து கிடக்கும். அக்குவியல்களில் வெண்மையும் சாம்பல் நிறமும் கொண்ட கற்களுக்கு இடையே, கனசதுர வடிவிலான நீல நிற, ஊதா நிறப் படிகங்கள் பளிச்சிடும். யாரோ அளவெடுத்து வெட்டிவைத்தவைபோல் தோன்றும் அப்படிகங்கள் இயற்கையாகவே அவ்வடிவில் வளர்ந்தவை. அவற்றின் பெயர் ஃபுளோரைட்.

ஃபுளோரைட் என்பது கால்சியமும் ஃபுளோரினும் சேர்ந்த கனிமம். தூய ஃபுளோரைட்டின் எடையில் ஏறக்குறைய பாதி, அதாவது 48.7 விழுக்காடு, ஃபுளோரின். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அக்காலத்து உலைக்காரர்கள் உலோகத் தாதுவை உருக்கும்போது இக்கல்லையும் சேர்த்துப் போடுவார்கள். உடனே உலையிலுள்ள கசடு இளகித் தண்ணீர்போல் ஓடும். ‘ஓடுதல்’ எனும் பொருள்தரும் இலத்தீன் சொல்லிலிருந்தே இக்கனிமத்திற்குப் பெயர் வந்தது. இதில் ஒரு வியப்பு உண்டு. ஃபுளோரைட் தனித்து உருக ஏறத்தாழ 1,400 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால், மற்றக் கசடுகளோடு கலந்துவிட்டால் அவற்றைக் குறைந்த வெப்பத்திலேயே உருகச் செய்துவிடும்.

சில ஃபுளோரைட் கற்கள் புறஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும். 1852இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் எனும் அறிவியலாளர் அத்தகைய ஒளிர்வுக்கு இக்கல்லின் பெயரைத் தழுவியே பெயர் சூட்டினார். எல்லா ஃபுளோரைட்டும் ஒளிர்வதில்லை என்பது வேறு. இதிலுள்ள ஃபுளோரினைத் தனியே பிரிக்க முயன்ற வேதியியலாளர் பலர் அதன் நச்சினால் துன்புற்றனர். சிலர் உயிரையும் இழந்தனர். 1886இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஹென்றி முவாசான் அதில் வெற்றி கண்டார். 1906இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இந்தக் கனிமம் தண்ணீரில்லாத ஒரு பாலைவன மலையில் எப்படி வந்து சேர்ந்தது? விடை, தண்ணீரில்தான் இருக்கிறது.

ஓஸ்குரா மலையின் மேற்பகுதி சுண்ணாம்புக்கல்லால் ஆனது. ஏறத்தாழ 300 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியை ஆழமற்ற கடல் மூடியிருந்தது. கடலில் வாழ்ந்த சிப்பிகள், கடல் அல்லிகள் ஆகியவற்றின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் அடிமட்டத்தில் படிந்து படிந்து பாறையாக இறுகின. இன்றும் மலைமேல் நடப்பவர் காலடியில் அவ்வுயிரினங்களின் புதைபடிவங்களைப் பார்க்கலாம். சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் அதைவிடப் பன்மடங்கு பழைமையான கருங்கல் பாறைகள் இருக்கின்றன.

கடல் விலகிப் பல கோடி ஆண்டுகள் கழிந்தபின், ஏறத்தாழ 30 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், அந்நிலம் கிழக்கிலும் மேற்கிலுமாக இழுபடத் தொடங்கியது. பிசைந்த மாவை இரு கைகளாலும் இழுத்தால் நடுப்பகுதி மெலிந்து தொய்ந்துபோகும் அல்லவா? நிலமேலோடும் அவ்வாறே மெலிந்தது. ஆனால், மேலே இருந்த பாறை மாவைப்போல் இளகாமல் நீண்ட கோடுகளில் பிளந்தது. பிளவின் ஒருபுறம் நிலம் கீழே இறங்கியது. மறுபுறம் உயர்ந்து சாய்ந்தது. கொலராடோவிலிருந்து மெக்சிகோ நாடு வரை நீளும் இத்தாழ்நிலத் தொடரை ரியோ கிராண்டே பிளவுப் பள்ளத்தாக்கு என்பர். ரியோ கிராண்டே ஆறு அதன் வழியாகவே ஓடுகிறது. ஓஸ்குரா மலையும் அவ்வாறு உயர்ந்த ஒரு பாறைக் கட்டிதான். அதன் மேற்குப் பக்கம் செங்குத்தாகவும் கிழக்குப் பக்கம் சரிவாகவும் இருப்பதற்குக் காரணம் அதுவே.

இறங்கிய பள்ளங்களில் மணலும் களிமண்ணும் சரளையும் வந்து நிறைந்தன. சில பள்ளங்களில் அவை பல கிலோமீட்டர் ஆழத்திற்குச் சேர்ந்தன. அப்படிவுகளின் துளைகளில் நீரும் தங்கியது. நிலத்திற்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வெப்பம் பொதுவாக 25 முதல் 30 பாகை வரை கூடும். நிலமேலோடு மெலிந்த இடத்தில் அதைவிட வேகமாகக் கூடும். ஆகவே, ஆழத்தில் சிக்கிய நீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறியது. மேலிருந்த பாறைகளின் அழுத்தத்தால் அது ஆவியாகாமல் நீராகவே இருந்தது. பழைய உப்புப் படிவுகளைக் கரைத்து அது மிகுந்த உவர்ப்பும் பெற்றது. இத்தகைய சூடான உவர்நீர் கருங்கல்லின் இடுக்குகளில் ஊடுருவும்போது, பாறையிலுள்ள ஃபுளோரினையும் ஈயத்தையும் பேரியத்தையும் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்ளும். ஹேன்சன்பர்க் கனிமங்கள் அவ்வாறு வந்தவை என்றே ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

சூடான நீர் மேலே எழ வழி தேடும். நிலப்பிளவுகளே அதற்கு ஏற்ற குழாய்கள். மேலே வந்த நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் நுழைந்தது. அங்கே அது குளிர்ந்தது. மேற்பரப்பிலிருந்து இறங்கிய குளிர்ந்த நீரோடும் கலந்தது. சூடான தேநீரில் கரைந்த சர்க்கரை, தேநீர் ஆறினால் அடியில் தங்குவதுபோல், கரைந்திருந்த பொருள்கள் சுவரோரமாகப் படியத் தொடங்கின. சுண்ணாம்புக்கல்லில் கால்சியத்திற்குக் குறைவில்லை. நீரிலிருந்த ஃபுளோரின் அதனுடன் சேர்ந்து ஃபுளோரைட்டாயிற்று. ஈயம் கந்தகத்துடன் சேர்ந்து வெள்ளிபோல் மின்னும் காலினா ஆயிற்று. பேரியம், பாரைட் எனும் கனத்த வெண்ணிறத் தகடுகளாயிற்று. பொந்தில் இடம் மிச்சமிருந்ததால் படிகங்கள் ஒன்றையொன்று நெருக்காமல் முழு வடிவில் வளர்ந்தன. நெருக்கமான வெடிப்புக்குள் வளரும் ஃபுளோரைட்டுக்கு இந்த அழகு வாய்ப்பதில்லை.

நீரின் வெப்பம் எவ்வளவு இருந்தது என்பதை இன்று எவ்வாறு அறிவது? படிகம் வளரும்போது அந்த நீரின் நுண்துளிகள் சில அதற்குள்ளேயே சிறைப்பட்டுவிடுகின்றன. அவை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை. படிகத்தை மெல்லிய தகடாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், ஒவ்வொரு துளியிலும் ஒரு குமிழி தெரியும். சூடாகச் சிறைப்பட்ட நீர் குளிர்ந்து சுருங்கியதால் உண்டான வெற்றிடமே அக்குமிழி. தகட்டை மெல்லச் சூடாக்கினால் நீர் மீண்டும் விரியும். ஒரு கட்டத்தில் குமிழி மறைந்துபோகும். அந்த வெப்பநிலை, படிகம் வளர்ந்தபோது இருந்த நீரின் வெப்பத்திற்கு நெருங்கியதாகும். ஹேன்சன்பர்க் படிகங்களில் அது ஏறத்தாழ 130 முதல் 210 பாகை வரை இருந்தது. பின்னர் அதே துளியை உறையவைத்துப் பார்ப்பார்கள். உப்பு மிகுந்த நீர் சுழியத்துக்கும் கீழான வெப்பநிலையில்தான் உறையும். எவ்வளவு கீழே என்பதைக் கொண்டு உப்பின் அளவைக் கணக்கிடலாம். கடல்நீரில் உப்பு 3.5 விழுக்காடு. இத்துளிகளிலோ 10 விழுக்காட்டுக்கும் மேல். பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஓடிய நீரைக் கையிலெடுத்துச் சோதிப்பதற்கு இதைவிட நேரான வழி இல்லை.

இதெல்லாம் முடிந்துபோன கதையன்று. அதே பிளவுப் பள்ளத்தாக்கில், தென்மேற்கே ஆற்றங்கரையில் ஓர் ஊர் இருக்கிறது. வெந்நீர் ஊற்றுகள் மிகுந்திருந்ததால் அவ்வூர் முன்பு ‘வெந்நீரூற்று’ எனும் பொருள்படும் பெயரையே கொண்டிருந்தது. 1950இல் ஒரு வானொலி நிகழ்ச்சிக்காகத் தன் பெயரை ‘ட்ரூத் ஆர் கான்சிக்குவன்சஸ்’ என்று மாற்றிக்கொண்டது. ஊரின் பெயர் மாறினாலும் ஊற்றுகள் மாறவில்லை. இன்றும் மக்கள் அங்கே குளிக்கச் செல்கின்றனர். அவ்வூருக்கு அருகிலுள்ள கபாயோ மலைகளிலும் ஃபுளோரைட் உண்டு.

மழைக்காடுகள் மூடிய நாடுகளில் பாறை ஆழமான மண்ணுக்கடியில் மறைந்திருக்கும். பாலைநிலத்தில் செடிகொடிகள் குறைவு, மண்ணும் மெல்லியது. எனவே, கனிமம் தேடுவோர்க்குக் கண்களே முதற்கருவி. மலையடிவாரத்து ஓடைப்படுகையில் ஊதா நிறத் துண்டு ஒன்று கிடைத்தால், அது மேலிருந்து உருண்டு வந்தது என்பது தெளிவு. தேடுபவர் மேல்நோக்கி நடந்துகொண்டே அதுபோன்ற துண்டுகளைக் குறித்துச் செல்வார். ஓரிடம் வரை துண்டுகள் மேலும் மேலும் கிடைக்கும். அதற்கு மேலே திடீரென ஒன்றும் இராது. கனிமம் நிரம்பிய வெடிப்பு, அதாவது கனிம நாளம், அந்த எல்லையின் அருகில்தான் இருக்கவேண்டும். அங்கே குறுக்காக ஒரு பள்ளம் வெட்டிப் பார்ப்பார்கள்.

கிடைத்தது ஃபுளோரைட்தானா என்பதை அறியவும் எளிய சோதனைகள் உண்டு. அங்கே அதனுடன் கால்சைட், குவார்ட்ஸ் ஆகிய கனிமங்களும் கலந்திருக்கும். கத்தியால் கீறினால் ஃபுளோரைட்டில் கோடு விழும், குவார்ட்ஸில் விழாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு துளி விட்டால் கால்சைட் நுரைக்கும், ஃபுளோரைட் நுரைக்காது. உடைத்தால் ஃபுளோரைட் நான்கு திசைகளில் வழவழப்பாகப் பிளக்கும். கனசதுரத்தின் மூலைகள் தெறித்து, எண்முகத் துண்டுகள் கிடைக்கும்.

1872ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அமெரிக்கச் சுரங்கச் சட்டப்படி, கூட்டரசின் பொது நிலத்தில் கனிமம் கண்டவர் அவ்விடத்தின்மீது உரிமை கோரலாம். ஒரு நாளத்துக்கான உரிமை நிலம் அதிக அளவாக 457 மீட்டர் நீளமும் 183 மீட்டர் அகலமும் கொண்டது. மூலைகளில் மரக்கம்பங்களை நட்டோ கற்களைக் குவித்தோ எல்லையைக் காட்டுவர். உரிமைத்தாளைப் பழைய புகையிலை டப்பாவில் போட்டுக் கற்குவியலுக்குள் வைப்பதும் வழக்கம். தனிமனிதர்கள் பலர் சிறு சுரங்கங்களைத் தொடங்க இச்சட்டமே வழிவிட்டது.

ஹேன்சன்பர்க்கிலும் கனிமம் கண்டறியப்பட்டது அதே 1872இல்தான். வந்தவர்கள் முதலில் நாடியது செம்பையும் ஈயத்தையும். ஃபுளோரைட் அவர்களுக்குத் தூக்கியெறிய வேண்டிய கல். ஆனால், 20ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. எஃகு உலைகளுக்கு அது வேண்டியிருந்தது. அடர்கந்தக அமிலத்துடன் அதைச் சேர்த்தால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கிடைக்கும். தோலில் பட்டால் எலும்பு வரை தாக்கும் கொடிய அமிலம் அது. எனினும், அதிலிருந்துதான் குளிர்பதனி வாயுக்களும் அலுமினியம் தயாரிக்கத் தேவையான ஃபுளோரைடுகளும் உண்டாயின. இரண்டாம் உலகப் போரின்போது வானூர்திகளுக்கு அலுமினியமும் உயர்தர எரிபொருளும் தேவைப்பட்டன. யுரேனியத்தைச் செறிவூட்டவும் ஃபுளோரின் வேண்டியிருந்தது. நியூ மெக்சிகோ மலைகளில் எத்தனையோ சிறு குழிகள் அக்காலத்தில் மீண்டும் உயிர்பெற்றன.

போர் முடிந்ததும் அவற்றுள் பெரும்பாலானவை அடங்கிவிட்டன. ஏன் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு நாளம் 1 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளம், 30 மீட்டர் ஆழம் உடையது என்று கொள்வோம். அதன் கனஅளவு 3,000 கனமீட்டர். ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 3 டன் எடை இருக்கும். ஆக, 9,000 டன் கல். அதில் 40 விழுக்காடு ஃபுளோரைட் என்றால் 3,600 டன். கேட்பதற்குப் பெரிய அளவுதான். ஆனால், உலகம் ஓராண்டில் பயன்படுத்துவது பல மில்லியன் டன். பெரிய சுரங்கம் ஒன்றுக்கு 3,600 டன் என்பது ஒருசில நாள் வேலை.

அந்த 3,600 டன்னும் கைக்கு வந்துவிடும் என்று நம்பவும் முடியாது. நாளம் ஓரிடத்தில் ஒரு மீட்டர் அகலம் இருக்கும். பத்தடி தள்ளிக் கையகலமாகச் சுருங்கும். பிறகு மீண்டும் பருக்கும். ஆழத்தில் ஃபுளோரைட் முடிந்து வெறும் கால்சைட்டாக மாறிவிடவும்கூடும். அழகிய படிகம் ஒன்றைக் காட்டிப் பணம் திரட்டுவது எளிது. ஆனால், நாளத்தின் முழு அகலத்தையும் குறுக்கே வெட்டியெடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால்தான் உண்மை வெளிப்படும். அப்படிச் செய்தபோது பல பேருடைய கனவு கலைந்திருக்கிறது.

அடுத்த தடை, தூய்மை. அமிலம் தயாரிக்கும் ஆலைகள் 97 விழுக்காட்டுக்குக் குறையாத ஃபுளோரைட்டையே ஏற்கும். குவார்ட்ஸ் கலந்திருந்தால், உண்டாகும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை அதுவே தின்றுவிடும். கால்சைட் கலந்திருந்தால் கந்தக அமிலம் வீணாகும். எனவே, கல்லை மாவாக அரைத்து, நீரில் கலக்கி, நுரையில் ஃபுளோரைட்டை மட்டும் மிதக்கச்செய்து வழித்தெடுக்க வேண்டும். இதற்கு ஏராளமான நீர் தேவை. பாலைவனத்தில் நீர் எங்கே? கனிமத்தைக் கொண்டுவந்து சேர்த்த அதே நீர்தான் இன்று இல்லாமல் போய், அதை எடுக்கவிடாமல் தடுக்கிறது. கல்லை நெடுந்தூரம் ஏற்றிச் சென்றாலோ வண்டிக்கூலியே இலாபத்தை விழுங்கிவிடும்.

இதற்கிடையே மெக்சிகோவிலும் சீனாவிலும் பெரிய சுரங்கங்கள் மலிவான விலையில் ஃபுளோரைட்டைத் தந்தன. 1990களின் நடுப்பகுதியில் இல்லினாய் மாநிலத்தின் பெரிய சுரங்கங்களும் மூடப்பட்டன. இன்று உலக உற்பத்தியில் பாதிக்கும் மேல் சீனாவுடையது. மின்கலங்கள், கணினிச் சில்லுகள் ஆகியவற்றின் தயாரிப்புக்கும் ஃபுளோரின் சேர்மங்கள் வேண்டும் என்பதால், அமெரிக்க அரசு 2018இல் வெளியிட்ட இன்றியமையாத கனிமங்களின் பட்டியலில் ஃபுளோரைட்டும் இடம்பெற்றது. பட்டியலில் இடம் கிடைத்தாலும் மலைச்சரிவிலுள்ள நாளத்தின் அகலம் கூடிவிடாது, நீரும் வந்துவிடாது.

கைவிடப்பட்ட குழிகள் ஆபத்தானவை. மரத்தாங்கிகள் உளுத்துப்போயிருக்கும், செங்குத்துக் குழிகளின் விளிம்பு காலடியில் சரியும், உள்ளே நல்ல காற்று இல்லாமலும் இருக்கலாம். ஆகவே, நியூ மெக்சிகோவில் இத்தகைய பல வாயில்களை அடைத்துவருகின்றனர். வௌவால்கள் குடியேறிய சுரங்கங்களில் மட்டும் கல்லும் மண்ணும் கொட்டாமல் இரும்புக் கம்பிக் கதவு பொருத்துகின்றனர். அதன் இடைவெளியில் வௌவால் பறந்து செல்லும்; மனிதர் நுழைய முடியாது.

ஹேன்சன்பர்க்கின் கதை சற்று வேறாக முடிந்தது. உலைக்கும் ஆலைக்கும் போக வேண்டிய கற்களைவிட, உடையாமல் எடுத்த நீலக் கனசதுரங்களே அதற்குப் பெயர் வாங்கித் தந்தன. ஒரு கைப்பிடிக் கல்லில் நீல ஃபுளோரைட்டும் மின்னும் காலினாவும் வெண்ணிறப் பாரைட்டும் சேர்ந்திருந்தால், கனிமச் சேகரிப்பாளர்கள் அதை விரும்பி வாங்குகின்றனர். அதே எடையுள்ள தாதுவின் விலையோடு அதை ஒப்பிடவே முடியாது. சொக்கோரோ நகரிலுள்ள கனிம அருங்காட்சியகத்தில் அத்தகைய கற்கள் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டுள்ளன. சில ஃபுளோரைட் கற்கள் நெடுநாள் வெயில் பட்டால் நிறம் மங்கிவிடும். அதனால் சேகரிப்பாளர்கள் அவற்றைச் சன்னலோரத்தில் வைப்பதில்லை.